பம்புக்கு மேலே ஒட்டிய நோட்டீஸ்

பிலோமினா அம்மா ஒயர் கூடைக்குள் கையை விட்டு இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை வெளியே எடுத்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

வடசென்னையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு. காலை பத்து மணி இருக்கும். கட்டிலில் அவருடைய மருமகள் ஸ்டெல்லா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஏழரை மாதக் கர்ப்பம், தலைச்சன் பிள்ளை. கண்ணைத் திறந்தால் வெள்ளை விழி முழுக்க மஞ்சளாக இருந்தது. நகத்திலும் மஞ்சள். டூட்டி டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொல்லியிருந்தார். இந்தக் காமாலை மற்றவர்களுக்கு வந்தால் ஒரு மாதம் படுத்து எழுந்துவிடலாம். நிறைமாதத்தை நெருங்குபவளுக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஒரு வாரம் தாண்டட்டும், பிறகுதான் எதுவும் சொல்ல முடியும்.

"இந்த ஆஸ்பத்திரி தண்ணி வாயில வெக்க வெளங்கல. அதான் வூட்லேர்ந்து நல்ல தண்ணி புடிச்சாந்தேன்" என்று சொல்லிக்கொண்டே பிலோமினா மூடியைத் திருகினார்.

நான் பாட்டிலைப் பிடுங்கினேன். நேரே மூலையிலிருந்த வாஷ்பேசினுக்குப் போய்த் தலைகீழாகக் கவிழ்த்தேன். கோபத்தில் கொட்டும்போது பாட்டில் தண்ணீர் எவ்வளவு மெதுவாக இறங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். குபுக் குபுக்கென்று அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ, நல்ல தண்ணிய கொட்றாளே பாவி! இன்னாமே வந்துச்சு உனுக்கு?" அதுவரை என்னை மேடம் என்று கூப்பிட்டவர் அவர்.

"அது நல்ல தண்ணி இல்லம்மா, சாக்கடை! எத்தனை தடவை சொல்றது?"

"நீதான சொன்ன! நல்ல தண்ணி மட்டும் குடின்னு வூடு வூடா வந்து நீதான சொன்ன!"

ஆத்திரத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். அதற்குள் வார்டு ஆயா துடைப்பத்தோடு வந்துவிட்டார். "சண்ட போட்றதுன்னா ரெண்டு பேரும் வெளிய போய் போடுங்க. பேஷண்டுங்க படுத்துனு கீறாங்க இல்ல?" என்று எங்கள் இருவரையும் வராந்தாவுக்குத் தள்ளிவிட்டார். அந்த ஆயா செய்தது சரி.

சோப்பு மேடம்

சென்ற வாரம், கட்டிக்கொடுத்த கழிப்பறைக்குள் மீன்வலையை வைத்துப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போனவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு வாசகர், "அந்த மக்கள்மேல் உங்களுக்கு ஏன் இத்தனை எரிச்சல்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஆமாம் ஐயா, எரிச்சல்தான். பதினெட்டு வருஷம் ஒரே விஷயத்தை ஒரே தெருவில் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் வரும். ஆனால் இந்த வாரம் யார்மேல் எரிச்சல் என்பதைக் கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே கடலோரமாக இருக்கிறது அந்தக் குப்பம். காகிதத்தில் அது மாநகரம். வரி ரசீதும் அப்படித்தான் சொல்லும். தண்ணீர், கழிப்பறை, குப்பை என்று வந்துவிட்டால் மட்டும் அது கிராமம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை. மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் மூக்கு எரியும்.

நான் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். கையை எப்படிக் கழுவுவது, தண்ணீரை எப்படி மூடி வைப்பது, வயிற்றுப்போக்கு வந்தால் என்ன கரைசல் கொடுப்பது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதுதான் வேலை. கூட்டம் கூட்டிச் சோப்பு போட்டுக் கை கழுவிக் காட்டுவேன். அதனால் எனக்கு 'சோப்பு மேடம்' என்று பெயர். பழகியவர்களுக்கு 'சோப்பக்கா'. ரஷீதா என்ற என் சொந்தப் பெயர் அந்தக் குப்பத்தில் நான்கு பேருக்குக்கூடத் தெரியாது.

கை கழுவும் நாள் என்று ஒன்று வரும். அன்றைக்கு மட்டும் ஆபீஸிலிருந்து கேமராவோடு ஆட்கள் வருவார்கள். ஒரு வருஷம் பிள்ளைகளை எல்லாம் வரிசையாக உட்காரவைத்துக் கையில் சோப்பு நுரையைத் தடவி போட்டோ எடுத்து முடித்த பிறகுதான், அலசுவதற்குத் தண்ணீர் கொண்டுவரவில்லை என்று தெரிந்தது. பிள்ளைகள் நுரைக் கையோடு கடலுக்கு ஓடின. அந்த போட்டோ மிக நன்றாக வந்திருப்பதாக மேலிடத்தில் பாராட்டினார்கள்.

இரண்டு தண்ணீர்

அந்தத் தெருவில் குடிக்க இரண்டு வழி உண்டு.

ஒன்று, தெருமுனையில் இருக்கும் அடிபம்பு. பூமிக்கடியில் ஓடும் பழைய குடிநீர்க் குழாயிலிருந்து வரும் தண்ணீர். பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். குடித்தால் தித்திப்பாக இருக்கும். அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே சாக்கடைக் குழாயும் போகிறது. இரண்டும் ஒரே வயசு, இரண்டுக்கும் ஒரே மாதிரி விரிசல்.

இன்னொன்று, லாரி கொண்டுவந்து கறுப்புத் தொட்டியில் நிரப்பும் தண்ணீர். மருந்து போட்டுச் சுத்தம் செய்தது. ஆனால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாலே பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். டீ போட்டால் டீயிலும் அடிக்கும்.

எது பாதுகாப்பானது என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரிந்திருக்கும். அதைத் தெருவுக்குச் சொல்லத்தான் நோட்டீஸ் அடித்தோம்.

ஆபீஸில் முதலில் எழுதி அனுப்பிய வாசகம் இது: 'பாதுகாக்கப்பட்ட குடிநீரையே பருகுவோம்.' படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணூரில் எவன் பருகுகிறான்? கூட்டத்தில் எழுந்து ஒரு பிரசங்கமே வைத்தேன். "நான் ராயபுரத்தில் பிறந்தவள். எங்கள் ஜனங்களுக்கு அவர்கள் பாஷையில் சொன்னால்தான் புரியும்" என்று மேஜையைத் தட்டிப் பேசினேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். என் வாசகமே அச்சானது. பெரிய நீல எழுத்தில், 'நல்ல தண்ணி மட்டும் குடிப்போம்.'

நானே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒட்டினேன். எங்கே ஒட்டினேன்? தெருமுனையில், அடிபம்புக்கு மேலே இருந்த சுவரில். எல்லாப் பெண்களும் வந்து நிற்கும் இடம், வெள்ளையடித்த சுவர், தூரத்திலிருந்தே தெரியும். அதைவிட நல்ல இடம் உண்டா?

ஒரு மாதத்தில் மாற்றம் தெரிந்தது. லாரி வந்தால் குடத்தால் ஒருவரையொருவர் மொத்திக்கொள்ளும் தெரு, அமைதியாகிவிட்டது. வரிசையே இல்லை. லாரித் தண்ணீரைப் பிடித்துப் பாத்திரம் கழுவினார்கள், துணி துவைத்தார்கள், மெதுவாக வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். நான் இதை ரிப்போர்ட்டில் எழுதினேன். 'மக்களிடம் நடத்தை மாற்றம் ஏற்பட்டுள்ளது' என்று எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

கறுத்த பாட்டில்

பிறகு வயிற்றுப்போக்கு கூடியது. ஒரு வீட்டில் காமாலை, அடுத்து இன்னொரு வீட்டில். எனக்குப் புரியவில்லை. தண்ணீரைச் சோதிக்கும் சின்னச் சின்ன பாட்டில்கள் எங்களிடம் உண்டு. தண்ணீரை ஊற்றி ஒருநாள், இரண்டுநாள் வைத்திருந்தால் போதும். சாக்கடை கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். இல்லாவிட்டால் அப்படியே இருக்கும். பம்புத் தண்ணீர் மறுநாளே தார் மாதிரி கறுத்தது. லாரித் தண்ணீர் அப்படியே இருந்தது.

பாட்டில்களை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பம்படியில் கன்னியம்மா இருந்தாள். படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வண்டி ஓட்டுபவரின் மனைவி. தெருவுக்கு அவள்தான் வாய்.

"பாத்தியா கன்னியம்மா, இது உங்க பம்பு தண்ணி."

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். "உன் பாட்டிலுதான் கலீஜ். உள்ள இன்னாவோ மருந்து போட்டு வெச்சிகினு, எங்க தண்ணிமேல பயி போட்றியா?"

"அப்ப லாரி தண்ணி ஏன் கறுக்கல?"

"அதுலதான் ஏற்கெனவே மருந்து கீதே. மருந்துல மருந்த போட்டா இன்னா ஆவும்?"

பக்கத்தில் நின்ற பெண்கள், அவள் ஏதோ கண்டுபிடித்துவிட்டது போலத் தலையாட்டினார்கள். காய்ச்சியாவது குடியுங்கள் என்றேன். காய்ச்சினால் ருசி செத்துவிடும் என்றார்கள். குழாயைத் தோண்டி மாற்றச் சொல்லி நான்கு அலுவலகம் ஏறினேன். ஒரு இடத்தில் அது ரோட்டுக்காரர்கள் வேலை என்றார்கள். ரோட்டுக்காரர்கள் குழாய்க்காரர்களைக் காட்டினார்கள். அப்படி அலைந்துகொண்டிருந்த வாரத்தில்தான் ஸ்டெல்லாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

போர்டே வெச்சியே!

பாட்டிலைக் கொட்டிய மறுநாள் காலை நேராகப் பம்படிக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பாட்டில் கொண்டுபோன குடும்பத்தையும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த தெருவையும் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்றுதான் போனேன். கன்னியம்மா அடித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து! ஒருத்தி உயிருக்குப் போராடறா. உங்க யாருக்குமே புத்தி வராதா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, நோட்டீஸ் ஒட்டினேனே!"

அவள் அடிப்பதை நிறுத்தினாள். இடுப்பில் கையை வைத்தாள். "இன்னாக்கா, காலங்காத்தால பேஜாரு பண்ற? நீ சொன்னத்ததான செய்றோம்?"

"நான் என்ன சொன்னேன்?"

அவள் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். "தோ, போர்டே வெச்சியே. நல்ல தண்ணி மட்டும் குடிப்போம்னு. பம்பு மேல ஒட்டிட்டு, இப்ப வந்து இன்னா சொன்னேன்னு கேக்குற?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். நீல எழுத்து கொஞ்சம் வெளுத்திருந்தது. அதற்கு நேர் கீழே பம்பு. பம்புக்குக் கீழே குடம்.

"நல்ல தண்ணின்னா இது. அது மருந்து தண்ணி. மருந்து தண்ணிய நல்ல தண்ணின்னு யாராச்சும் சொல்வாங்களா? நீயும் இந்த ஊருக்காரிதான? முன்னாடியெல்லாம் அதுவும் இதுவும் கலந்துதான் குடிச்சினு இருந்தோம். நீ சொன்னப்புறந்தான் லாரி தண்ணிய வாயில வெக்கிறதில்ல."

அவள் விடவில்லை.

"அந்த ஸ்டெல்லா பொண்ணுதான் பாவம். வயித்துல தங்குனதுலேர்ந்து, நர்ஸம்மா சொல்லிச்சுன்னு லாரி தண்ணிதான் குடிச்சினு இருந்தா. மூக்க புடிச்சினு குடிப்பா. பிலோமினாதான் இந்த நோட்டீஸ காட்டி, புள்ளத்தாச்சி கண்ட தண்ணியும் குடிக்கக்கூடாது, மேடமே எய்தி ஒட்டிகீறாங்கன்னு மாத்துச்சு."

நான் பம்பு மேடையில் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். பல்லி விழுந்தால் பல்லியோடு போகும். நான் விழுந்த பானையில் ஒரு தெருவே குடித்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியாத வார்த்தையா அது? எங்கள் வீட்டில் எவர்சில்வர் குடத்தில் இருப்பது நல்ல தண்ணி, பிளாஸ்டிக் குடத்தில் இருப்பது உப்புத் தண்ணி. விருந்தாளிக்கு அம்மா எவர்சில்வர் குடத்தில்தான் மொள்ளுவார். உப்புக் கரிக்காவிட்டால் நல்ல தண்ணி, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போதுகூட அத்தா, "நிறம் மாறலியா, வாடை மாறலியா, ருசி மாறலியா, அப்ப சுத்தம்" என்பார். நாக்கும் மூக்கும்தான் எங்களுக்குச் சோதனைச்சாலை. அதில் வளர்ந்தவள் நான். ராயபுரத்தில் பிறந்தவள் என்று மேஜையைத் தட்டியவளும் நான்தான். ஆபீஸின் 'பருகுவோ'மை அப்படியே ஒட்டியிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது, யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஸ்டெல்லா லாரித் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்திருப்பாள்.

நகத்தால் சுரண்டி அந்த நோட்டீஸைக் கிழித்தேன். நன்றாக ஒட்டியிருந்தேன் போலிருக்கிறது. பாதிதான் வந்தது.

வராந்தா

அன்றே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். பிலோமினா வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. நான் எழுதியது தப்பு, ஒட்டிய இடமும் தப்பு, நான் லாரித் தண்ணீரைத்தான் நல்ல தண்ணி என்று நினைத்து எழுதினேன் என்று சொன்னேன்.

அவர் உருட்டுவதை நிறுத்தினார்.

"அப்ப, நான்தான் குடுத்தேனா?" என்றார்.

"இல்லம்மா. நான்."

"அவ வோணாம்னா. லாரி தண்ணியே போதும் அத்தேன்னா. நான்தான் சொம்புல ஊத்தி, நின்னு குடிக்க வெச்சேன். டாக்டரம்மா வந்தன்னிக்கே கேட்டுச்சு, எந்தத் தண்ணிங்க குடிக்கிறீங்கன்னு. நல்ல தண்ணிதாம்மா, வேற எத்தையும் தொட மாட்டோம்னேன். அதுவும் செரின்னு எய்திகினு போச்சு."

கோவைப் பக்கத்துப் பெண் அந்த டாக்டர். அவருக்கு நல்ல தண்ணீர் என்றால் சுத்தம் செய்த தண்ணீர்தானே. நான் எழுந்து போய் அவரைத் தேடிப் பிடித்து, பம்பு, சாக்கடை, கறுத்த பாட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு தெருவில் வேறு எத்தனை கர்ப்பிணிகள் என்று கேட்டார். இரண்டு பேர் இருந்தார்கள். அன்று சாயங்காலமே அந்த இரண்டு வீட்டுக்கும் போய், குடத்திலிருந்த தண்ணீரை அவர்கள் கண்ணெதிரே கொட்டினேன். நல்லவேளை, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்டெல்லா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆறாம் நாள் வயிற்றிலேயே அசைவு நின்றுவிட்டது. பெண் குழந்தை.

கல்லறைக்கு நானும் போனேன். பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னாம்மா பண்ணுவ, நல்லதுக்குத்தான சொன்ன" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. 'நல்லதுக்கு' என்ற அந்த வார்த்தையைக்கூட அன்றைக்கு என்னால் காதில் வாங்க முடியவில்லை.

ஏலக் கொட்டகை

இரண்டு மாதம் கழித்து, மீன் ஏலம் போடும் கொட்டகையில் பெண்களைக் கூட்டினேன். குழாய் இன்னும் மாற்றவில்லை. மாற்றப் போகிறோம் என்ற கடிதம் மட்டும் வந்திருந்தது. ஆபீஸிலிருந்து புது நோட்டீஸ் கட்டு ஒன்றும் வந்திருந்தது. 'பாதுகாக்கப்பட்ட குடிநீரையே பருகுவோம்.' அதைப் பிரிக்காமல் மூலையில் வைத்துவிட்டேன்.

ஸ்டெல்லா வருவாள் என்று நான் நினைக்கவில்லை. கடைசி வரிசையில், மீன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. ஏதோ ஆரம்பித்தேன். சுத்தம் என்றேன், சுகாதாரம் என்றேன், பாதுகாப்பு என்றேன். வழக்கம்போலப் பெண்கள் தலையாட்டினார்கள். என் பதினெட்டு வருஷமும் அந்தத் தலையாட்டலில்தான் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் தலையாட்டுவார்கள், நான் புரிந்துவிட்டது என்று நோட்டில் எழுதிக்கொள்வேன்.

ஸ்டெல்லா எழுந்தாள்.

"ஒரு நிமிசம்க்கா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்துப் பேசினாள். "இந்த அக்கா சொல்றதுக்கு சும்மா மண்டைய ஆட்டாதீங்க. அவங்க ஒண்ணு சொல்வாங்க, நம்ம ஒண்ணு புரிஞ்சிப்போம். எந்தத் தண்ணி, எந்தக் கொயாயின்னு வாயத் தொறந்து கேளுங்க. நாங்க கேக்கல."

உட்கார்ந்துவிட்டாள்.

கன்னியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை அவள் குரலில் வம்பு இல்லை. "சொல்லுக்கா. எந்தத் தண்ணி?"

என் வேலையில் ஒருவர் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொட்டகையை விட்டு இறங்கி நடந்தேன். முப்பது பெண்களும் எழுந்து பின்னால் வந்தார்கள். லாரித் தண்ணீர்த் தொட்டியின்மேல் கையை வைத்து, "இது" என்றேன்.